பிப்ரவரி டெல்லி: சந்தைக்கு முன் அருங்காட்சியகம்

கேள்வி: பிப்ரவரி முதல் பாதியில் நானும் அம்மாவும் ஐந்து நாள் டெல்லி போகிறோம். கைவினைச் சந்தைகளும் ஓவியக் கண்காட்சிகளும் பார்க்க ஆசை. அம்மாவால் நெடுநேரம் நடக்க முடியாது. எதை முதலில் பார்ப்பது? கைவேலை என்று நம்பி ஏமாறாமல் வாங்குவது எப்படி?

பதில்: நல்ல நேரத்தில் போகிறீர்கள். கடுங்குளிர் விலகி, வெயில் இன்னும் ஏறாத சில வாரங்கள் அவை. டெல்லியின் பெரிய கலை நிகழ்வுகள் பலவும் அப்போதுதான் நடக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதல் நாளே சந்தைக்குப் போகாதீர்கள். பிரகதி மைதானத்தை ஒட்டிய தேசிய கைவினை அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். சார்லஸ் கொரியா வடிவமைத்த தாழ்வான கட்டடம், நடுவே முற்றங்கள். அம்மா அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். பழைய துணிகள் இருக்கும் பகுதியில் ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். நல்ல நெசவும் நல்ல சாயமும் எப்படி இருக்கும் என்று கண் பழகிவிட்டால், மறுநாள் சந்தையில் பாதிக் கேள்விக்குக் கண்ணே பதில் சொல்லிவிடும்.

அப்புறம் சூரஜ்குண்ட் மேளா என்னும் கைவினைத் திருவிழா. 1987-இல் தொடங்கியது. டெல்லியின் தெற்கு எல்லையைத் தாண்டி, ஹரியானாவின் ஃபரீதாபாத்தில் இரண்டு வாரத்துக்கும் மேலாக நடக்கிறது. தேதி ஆண்டுக்கு ஆண்டு சற்று நகரும் என்பதால், பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், அம்மாவுக்குக் கூட்டம் தாங்காது. திங்கட்கிழமை போங்கள். அருங்காட்சியகங்கள் அன்று மூடியிருக்கும் என்பதால் நாளும் வீணாகாது. வளாகம் பெரியது. காலையில் கதவு திறந்ததும் நுழைந்து, மதியச் சாப்பாட்டோடு திரும்பிவிடுங்கள்.

நடக்கச் சிரமம் என்றால் ஐ.என்.ஏ. பகுதியில் உள்ள தில்லி ஹாட் என்னும் திறந்தவெளிக் கைவினைச் சந்தையே போதும் என்பேன். 1994-இல் திறந்தது, மெட்ரோ நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கைவினைஞர்களுக்குப் பதினைந்து நாள் முறை வைத்துக் கடை ஒதுக்குவதுதான் அதன் அடிப்படை ஏற்பாடு. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் செய்தவர் அல்ல, வாங்கி விற்பவர்களும் உண்டு. அதனால் விலையைக் கேட்கும் முன் “இதை எப்படிச் செய்தீர்கள்?” என்று கேளுங்கள். செய்தவர் என்றால் முகம் மலரும், கை தானாக அசைந்து காட்டத் தொடங்கும். உங்கள் இந்தி அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கைகளே சொல்லிவிடும்.

இனி பொருளைப் பார்ப்போம். கட்டை அச்சுத் துணியில் ஒரு அச்சு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைத் தேடுங்கள். கைவேலை என்றால் அங்கே மயிரிழை விலகல் இருக்கும். இயந்திர அச்சில் அது இருக்காது. போச்சம்பள்ளி, ஒடிசா இக்கத் வகைகளில் நூலுக்குச் சாயம் ஏற்றிய பிறகே நெய்வதால், துணியின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும், பூக்களின் ஓரம் இறகு போலக் கலங்கியிருக்கும். பின்பக்கம் வெளிறியிருந்தால் அது பெரும்பாலும் அச்சடித்தது. பீகாரின் நாட்டுப்புறக் கலையான மதுபனி ஓவியத்தில் ஒரே படம் இரண்டு கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடு கோடாக ஒத்துப்போனால் நகல்தான்.

எனக்கு மிகப் பிடித்தது டோக்ரா, சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் வார்க்கும் உலோகச் சிலை. மெழுகை நூல் போலத் திரித்து, களிமண் உருவத்தின் மேல் சுற்றுவார்கள். மேலே களிமண் பூசிச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடத்தில் உருக்கிய உலோகம் இறங்கும். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், எனவே ஒன்றைப் போல இன்னொன்று வராது. அந்த மெழுகு நூலின் வரி சிலையின் மேல் அப்படியே தெரியும், விரலால் தடவிப் பாருங்கள். இவ்வளவு உழைப்பைப் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். இரண்டு மூன்று பொருளாக எடுத்து, சேர்த்து விலை சொல்லச் சொல்லுங்கள்.

ஓவியத்துக்கு ஒரே இடம்தான் என்றால் இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடம். ஓவியர் அம்ரிதா ஷேர்-கில் தென்னிந்தியப் பயணத்துக்குப் பிறகு 1937-இல் வரைந்த ‘பிரம்மச்சாரிகள்’ அந்தக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அது காட்சியில் இருந்தால் அதன் முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள். நம் பக்கத்து மேனி நிறத்தை இவ்வளவு பரிவோடு தீட்டிய கை குறைவு. பிப்ரவரி தொடக்கத்தில் ஓக்லாவில் நடக்கும் இந்தியா ஆர்ட் ஃபேர் பெரிய நிகழ்வுதான், ஆனால் சீட்டு விலை அதிகம், நடையும் அதிகம். உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதில் மண்டி ஹவுஸ் மெட்ரோவில் இறங்கினால் திரிவேணி கலா சங்கம், லலித் கலா அகாடமி ஆகியவற்றின் ஓவியக் கண்காட்சிக் கூடங்கள் அருகருகே இருக்கின்றன. திரிவேணியில் தேநீர்க் கடையும் உண்டு, அம்மா ஓய்வெடுக்கலாம்.

டோக்ரா கனமானது. விமானத்தில் எடை வரம்பு இருப்பதால், ஊரிலிருந்து போகும்போதே பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். ஓவியங்களை மடிக்காமல் உருட்டிக் குழாயில் போட்டு வாங்குங்கள். காலையிலும் இரவிலும் குளிரும், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.