செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே: சந்திப்புப் புரதங்கள் பற்றிக் கேள்வி பதில்

தோல், குடலின் உள்பக்கம், சிறுநீரகக் குழாய், மூச்சுக்குழாய் என்று உடம்பின் ஓரங்களையெல்லாம் போர்த்தியிருப்பவை எபிதீலியச் செல்கள். பக்கத்துச் செல்லோடு அவை எப்படிச் சேர்ந்திருக்கின்றன, இரண்டுக்கும் நடுவில் எது போகலாம், எது கூடாது என்பதெல்லாம் சில புரதங்களின் கையில் இருக்கிறது. இந்தச் செல்களை வடிகட்டித் தாளின்மேல் வளர்த்து, அளந்து, பல வருடம் மல்லுக்கட்டியவள் நான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், பாடத்தில் இறுக்கச் சந்திப்பு, ஒட்டுச் சந்திப்பு, டெஸ்மோசோம், இடைவெளிச் சந்திப்பு என்று நான்கு வருகிறது. எல்லாமே ஒட்டுவதற்குத்தானே, எதற்கு நான்கு பெயர்?

பதில்: எல்லாமே ஒட்டுவதற்கு இல்லை. அந்த வேலை ஒட்டுச் சந்திப்புக்கும் டெஸ்மோசோமுக்கும்தான். 1963-இல் மர்லின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இந்த வரிசையை எழுதினார்கள். உச்சியில் இறுக்கச் சந்திப்பு, அதன் கீழே ஒட்டுச் சந்திப்பு, அதற்கும் கீழே டெஸ்மோசோம். ஒட்டுச் சந்திப்பில் ஈ-கேட்ஹெரின் வெளியே கைகோக்கிறது. உள்ளே கேட்டனின் என்ற புரதங்கள் வழியாக, செல்லின் உள்சட்டமான ஆக்டின் இழைகளைப் பிடித்துக்கொள்கிறது. டெஸ்மோசோமில் டெஸ்மோகிளீனும் டெஸ்மோகோலினும் கைகோக்கின்றன. உள்ளே கெராட்டின் இழை. இழுவையைத் தாங்குவது இதுதான், அதனால்தான் தோலில் ஏராளமாக இருக்கிறது. இடைவெளிச் சந்திப்பு பேச்சுவார்த்தைக்கு. கனெக்சின் ஆறு சேர்ந்து அரைக்குழாய் ஆகும், எதிர்ச் செல்லின் அரைக்குழாயோடு பொருந்தும், ஏறக்குறைய 1000 டால்டன் வரையுள்ள சின்ன மூலக்கூறுகள் அதன் வழியே போய்வரும். இறுக்கச் சந்திப்பின் வேலை வேறு. அது காவல்.

கேள்வி: தட்டில் வளரும் செல்களைப் பிரிக்க டிரிப்சினோடு ஈடிடிஏ சேர்க்கச் சொல்கிறார் எங்கள் சீனியர். ஏன் என்று கேட்டால் "எப்போதும் அப்படித்தான்" என்கிறார்.

பதில்: சீனியர்களின் நிரந்தரப் பதில் அது! கேட்ஹெரினின் வெளிப்பகுதி விறைப்பாக நிற்கக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டால் கேட்ஹெரின் துவண்டு கைவிட்டுவிடும். கால்சியம் இருக்கும்போது, புரதங்களை வெட்டும் நொதியான டிரிப்சினால் கேட்ஹெரினை எளிதில் வெட்டவும் முடியாது. இதை நுணுக்கமாகப் பார்த்துத்தான் ஜப்பானிய உயிரியலாளர் மசதோஷி தகெயிச்சி கேட்ஹெரினிடமே போய்ச் சேர்ந்தார். கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தால் சில மணி நேரத்தில் முதலில் ஒட்டுச் சந்திப்பு, பிறகு இறுக்கச் சந்திப்பு என்று மறுபடி கட்டிக்கொள்ளும். ஒருமுறை செய்து பாருங்கள், மறக்கவே மாட்டீர்கள்.

கேள்வி: இறுக்கச் சந்திப்பில் உண்மையில் அடைப்பது எது? ஒரு ஆசிரியர் ஆக்லூடின் என்கிறார், இன்னொருவர் கிளாடின் என்கிறார்.

பதில்: இதற்கு ஒரு கதை இருக்கிறது. 1986-இல் முதலில் அகப்பட்டது இசட்ஓ-1. ஆனால் அது சவ்வின் உள்பக்கம் நிற்கிற புரதம். செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைக்க அதற்குக் கை எட்டாது. 1993-இல் ஜப்பானில் ஷோய்ச்சிரோ சுகிதாவின் குழு கோழிக் கல்லீரலிலிருந்து ஆக்லூடினைப் பிரித்தெடுத்தது. சவ்வை நான்கு முறை கடந்து, வெளியே இரண்டு வளையங்களை நீட்டும் புரதம். ஆள் பிடிபட்டுவிட்டான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அப்புறம் அதே குழு ஆக்லூடின் மரபணுவை நீக்கிப் பார்த்தது. சந்திப்பு அப்படியே இருந்தது! ஆக்லூடின் இல்லாத எலிகளும் பிறந்து வாழ்ந்தன, வேறு கோளாறுகள் இருந்தாலும்.

சரி, வேறு யாரோ இருக்கிறார்கள் என்று கோழிக் கல்லீரலை மறுபடி அலசியதில் 1998-இல் கிளாடின்-1, கிளாடின்-2 கிடைத்தன. லத்தீனில் 'மூடு' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வைத்த பெயர். இறுக்கச் சந்திப்பே இல்லாத நார்த்திசுச் செல்லுக்குள் கிளாடினைக் கொடுத்தால், சவ்வில் இழை இழையாக அது வலை பின்னியது. ஆக, முதுகெலும்பு கிளாடின்தான். கிளாடின்-1 இல்லாத எலிக்குட்டிகள் தோல் வழியே நீரை இழந்து பிறந்த ஒரே நாளில் இறந்துபோயின.

ஆனால் 'மூடு' என்ற பெயரே பிறகு பலரைக் குழப்பிவிட்டது என்பது என் எண்ணம். பாலூட்டிகளில் கிளாடின்கள் இருபதுக்கும் மேல். எல்லாம் மூடுவதில்லை. கிளாடின்-2 சோடியமும் நீரும் போக வழி திறக்கிறது. எந்தத் திசுவில் எந்தக் கிளாடின்கள் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து அங்கே சுவரா சல்லடையா என்பது அமையும். இதைச் சுவர் என்றே மனப்பாடம் செய்தவர்களுக்கு அடுத்த கேள்வி புரியாது.

கேள்வி: என் அக்கா மகனுக்கு ரத்தத்தில் மெக்னீசியம் குறைவு, சிறுநீரகத்தில் கால்சியம் படிகிறது. கிளாடின்-16 மரபணுவில் மாற்றம் என்று அறிக்கை வந்திருக்கிறது. சந்திப்புப் புரதத்துக்கும் மெக்னீசியத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நேரடியான சம்பந்தம். சிறுநீரகக் குழாயில் ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில், மெக்னீசியமும் கால்சியமும் செல்லுக்குள் நுழையாமல் செல்களுக்கு நடுவே உள்ள வழியாகவே ரத்தத்துக்குத் திரும்புகின்றன. குழாய்க்குள் நேர்மின்னழுத்தம் இருப்பதால் அவை வெளியே தள்ளப்படுகின்றன. அந்த வழிக்கு கிளாடின்-16-உம் கிளாடின்-19-உம் சேர்ந்தே வேண்டும். இரண்டில் ஒன்று கெட்டாலும் இரு உப்புகளும் சிறுநீரில் போய்விடும். மிகுந்த கால்சியம் சிறுநீரகத்திலேயே படியும். கிளாடின்-16-ஐ இந்த நோயோடு இணைத்துக் கண்டறிந்தது 1999-இல். கிளாடின்-19 என்றால் கண்பார்வையும் பாதிக்கப்படலாம். உங்கள் பிள்ளைக்கு 16 என்பதால் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. மருந்து, அளவு எல்லாம் சிறுநீரக மருத்துவர் சொல்ல வேண்டியது. மரபணு ஆலோசனையும் கேளுங்கள், பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மாற்றம் இது.

கேள்வி: 'கசியும் குடல்' என்று சொல்லி சோனுலின் என்ற புரதத்துக்கான பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். காசு கட்டலாமா?

பதில்: நானாக இருந்தால் கட்ட மாட்டேன்.

குடல் கொஞ்சம் கசிவது இயல்பு. சாப்பாட்டுக்குப் பிறகு குளுக்கோஸ் உள்ளே வரும்போது மயோசின் லைட் செயின் கைனேஸ் என்ற நொதி, சந்திப்பைச் சுற்றியுள்ள ஆக்டின்-மயோசின் வளையத்தைச் சுருக்கிச் சந்திப்பைச் சற்றுத் தளர்த்துகிறது. அழற்சியில் டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்கள், அதாவது செல்களுக்குச் செய்தி சொல்லும் புரதங்கள், இதே நொதியை அளவுக்கு மீறித் தூண்டுகின்றன. குரோன் என்ற குடல் அழற்சி நோயில் கிளாடின்-2 கூடுவதும் தெரிந்ததே. கசிவு நிஜம்தான். அது நோயின் வேரா, விளைவா என்பதில்தான் சிக்கல். இந்த நொதி ஓயாமல் வேலைசெய்யும்படி மாற்றிய எலிகளுக்குக் குடல் கசிந்தது, ஆனால் அதனால் மட்டும் தானாகக் குடல் அழற்சி வரவில்லை. ஏற்கெனவே அழற்சிக்குத் தோதான நிலை இருந்தபோதுதான் கசிவு அதை மோசமாக்கியது.

சந்திப்பைத் தளர்த்தும் புரதம் என்று சோனுலின் பற்றி 2000-இல் அலெசியோ ஃபசானோவின் குழு எழுதியது. 2009-இல் அது ஹாப்டோகுளோபின்-2 என்ற ரத்தப் புரதத்தின் முன்வடிவம் என்றார்கள். விற்பனையில் உள்ள பரிசோதனைக் கருவிகளைச் சோதித்தவர்கள், அவை அந்தப் புரதத்தைத்தான் பிடிக்கின்றன என்று காட்ட முடியவில்லை, வேறு புரதங்களைப் பிடிக்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். சந்திப்பை இறுக்குவதற்கென்று சீலியாக் (கோதுமையின் குளூட்டனால் குடல் கெடும் நோய்) நோயாளிகளிடம் சோதித்த லாரசோடைடு என்ற மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வும் 2022-இல் நிறுத்தப்பட்டது. வயிற்றுத் தொந்தரவு இருந்தால் அதற்குரிய மருத்துவரைப் பாருங்கள், ஒரு எண்ணைத் துரத்த வேண்டாம்.

கேள்வி: பெம்ஃபிகஸ் கொப்புளமும் இந்தக் குடும்பமா?

பதில்: ஆமாம், டெஸ்மோசோம் பக்கம். உடம்பே டெஸ்மோகிளீனுக்கு எதிராக எதிர்ப்பொருள் செய்கிறது. டெஸ்மோகிளீன்-3 என்றால் வாய்ப்புண்ணில் தொடங்கும், டெஸ்மோகிளீன்-1 என்றால் தோலின் மேலடுக்கோடு நிற்கும். இதே டெஸ்மோகிளீன்-1-ஐத்தான் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு ஒன்று கத்தரிபோல வெட்டி, குழந்தைகளுக்குத் தோல் உரியச் செய்கிறது. வழி வேறு, வெட்டுப்படும் இடம் ஒன்று.

கேள்வி: புற்றுநோயில் இதற்குப் பயன் உண்டா?

பதில்: உண்டு. கிளாடின்-18-இன் ஒரு வடிவம் வயிற்றுச் செல்களின் சந்திப்புக்குள் ஒளிந்திருக்கும். புற்றுநோயில் செல்களின் ஒழுங்கு குலைவதால் அது வெளியே தெரிகிறது. அதைக் குறிவைக்கும் சோல்பெடக்சிமாப் என்ற மருந்து 2024-இல் ஜப்பானிலும் பிறகு அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. கட்டியில் அந்தப் புரதம் இருந்தால்தான் பலன், அதனால் முதலில் திசுவைச் சோதிப்பார்கள்.

கேள்வி: அக்கா, என் எம்டிசிகே (நாயின் சிறுநீரகத்திலிருந்து வந்த) செல்களின் அடுக்கில் மின்தடை நன்றாக ஏறியிருக்கிறது, ஆனால் டெக்ஸ்ட்ரான் கசிகிறது. அளவீடு தப்பா?

பதில்: தப்பு என்று உடனே தூக்கிப்போடாதே. மின்தடை காட்டுவது அயனி போகும் சின்னத் துளைகளை, அதாவது கிளாடின் துளைகளை. டெக்ஸ்ட்ரான் பெரிய சர்க்கரை மூலக்கூறு, அவற்றில் நுழையவே முடியாது. அது இழைகள் அறுந்து மறுபடி சேரும் தளர்ந்த வழியில் போகிறது. இரண்டும் தனித்தனியாக மாறலாம். உன்னுடையது எம்டிசிகே ஒன்றாம் வகையா இரண்டாம் வகையா என்றும் பார்த்துக்கொள். ஒன்றாம் வகைக்கு மின்தடை மிக அதிகம், கிளாடின்-2-ஐப் புகுத்தினால் மளமளவென்று இறங்கிவிடும். முதலில் வடிகட்டித் தாளின் ஓரத்தில் செல் உரிந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார். நான் ஒரு மாதம் வீணாக்கியது அங்கேதான்.