டெக் அண்ணை பதில்கள்: மாவுக்குள்ள மூடுண்ட டொக்டர்

(தெரியாதவைக்கு: போன மாதம் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வாசிகசாலைச் சுவரில வெள்ளை வேட்டி கட்டி, கார்ல் தியோடர் ட்றையர் எண்ட டென்மார்க்காரர் எடுத்த ‘வாம்பயர்’ எண்ட 1932ஆம் ஆண்டுப் பேய்ப்படத்தைப் போட்டன். ஜெர்மன் பேச்சு, ஆங்கில எழுத்து. அதைத் தமிழாக்கி மைக்கில வாசிச்சது நான்தான். வந்த கடிதங்களில பாதி திட்டு, பாதி புகழ். இந்த முறை பக்கம் முழுக்க அதுக்குத்தான்.)

உலகப் படம் எண்டு கூப்பிட்டுப் போட்டு, ஒண்டேகால் மணித்தியாலம் ஒருத்தன் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவு கதவாய் எட்டிப் பாக்கிறதைக் காட்டினீங்கள். கதை எங்க அண்ணை?
*- பல்கலைக்கழக மாணவன், வவுனியா*

தம்பி, நீ தனிய இல்லை. 1932 மே மாதம் பேர்ளினில முதல் காட்சியிலயே சனம் கூக்காட்டினது. வியன்னாவில காசைத் திருப்பித் தா எண்டு கேட்டு, குடுக்காததால குழப்பமாகி, பொலிஸ் பொல்லோட வந்துதான் அடக்கினது. நீ ஓசியில பாத்திட்டுக் கடிதம்தான் எழுதியிருக்கிறாய், பரவாயில்லை.

கதை இருக்கு. அலன் கிரே எண்ட ஊர்சுற்றி ஒரு சத்திரத்தில தங்குறான். பூட்டின அறைக்குள்ள இரவு ஒரு பெரியவர் வந்து, ‘நான் செத்தபிறகு திறக்கவும்’ எண்டு எழுதின பொட்டலத்தை வைச்சிட்டுப் போறார். அவருக்கு இரண்டு பெட்டையள். ஒருத்தியின்ர இரத்தத்தைச் செத்துப்போன கிழவி ஒருத்தி குடிக்கிறாள். ஊர் டொக்டர் கிழவிக்குக் கையாள். இதுக்குமேல ஆர் எங்க நிக்கினம், எப்ப வந்தவை எண்டதெல்லாம் எனக்கும் இரண்டாம் தரம் பாக்கும்வரை பிடிபடேல்லை. அந்தக் குற்றச்சாட்டு சரி.

கதாநாயகன் கட்டை மாதிரி நிக்கிறதும் உண்மைதான். அவர் நடிகனே இல்லை. நிக்கொலா டி குன்ஸ்பேர்க் எண்ட பிரபு. படத்துக்குக் காசு போட்டது அவர். அதுக்குப் பதிலாய்க் கதாநாயகன் வேசம், ஜூலியன் வெஸ்ட் எண்ட பெயரில. கூத்துக்குக் கூடக் காசு போட்டவருக்கு ராசா வேசம் குடுத்த ஊர்க்காரர் நாங்கள், இதில என்ன அதிசயம்?

ஆனால் மரக்கால் சிப்பாயின்ர நிழல் தனிய நடந்து திரிஞ்சு, பேந்து வந்து குந்தியிருக்கிற ஆளோட ஒட்டின இடத்தில நீ போன் பாத்துக்கொண்டிருந்தனி. எனக்குப் பின்னாலிருந்து நீலவெளிச்சம் அடிச்சது.

இன்றைய இளையோருக்கு ரசனை வற்றிவிட்டது. அந்தப் புகைமூட்டமான ஒளி, திரையில் துடித்த அந்தச் சிறு நிழல்கள்... என்ன கவித்துவம்!
*- ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி*

ஐயா, ரசனைக் கதையை விடுவம். அண்டைக்கு முன்வரிசையில குறட்டை விட்டது இளம் பிள்ளையள் இல்லை.

புகைமூட்டம் வேணுமெண்டு செய்ததுதான். ஒளிப்பதிவாளர் ருடோல்ஃப் மாட்டே கமராவுக்கு மூண்டடி முன்னால மெல்லிய வலைத்துணி பிடிச்சு எடுத்தவர். இதே ட்றையரும் இதே மாட்டேயும் 1928இல ஜோன் ஒஃப் ஆர்க் கதையை எடுத்தபோது ஒவ்வொரு முகமும் தோலின்ர சுருக்கம் வரை தெரிஞ்சது. அப்பிடித் துலக்கமாய் எடுக்கத் தெரிஞ்சவை, தெரிஞ்சுகொண்டே மங்கலாக்கினது. அதோட மூல நெகட்டிவும் இப்ப இல்லை, மிஞ்சின பிரதியளை வைச்சுத்தான் நாங்கள் பாக்கிறம். அதனால வந்த மங்கலும் கொஞ்சம் இருக்கும். வேட்டியின்ர மங்கல் தனி.

துடிச்ச சிறு நிழல்கள் எண்டு எழுதியிருக்கிறியள். அது ஈசல், ஐயா. மழை விட்ட கையோட புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு வந்தது. நான் இரண்டுதரம் லென்சைத் துடைச்சனான்.

எங்கட புளியமரத்து முனியும் உந்தக் கிழவியும் ஒண்டோ?
*- ஏழாம் வகுப்பு மாணவி, முழங்காவில்*

இல்லையம்மா. உந்தக் கிழவியை, அந்தப் பொட்டலத்துக்குள்ள இருந்த புத்தகத்தை வாசிச்சு, இரும்புத் தடியால குத்தி முடிச்சுப்போட்டினம். எங்கட முனிக்குப் பொங்கல் வேணும்.

டொக்டர் மாவுக்குள்ள மூச்சடைச்சுச் சாகிற இடத்தில கனபேர் சிரிச்சினம். எனக்குச் சிரிப்பு வரேல்லை. நான் இருபது வருசம் அரிசி ஆலையில நிண்டவன்.
*- வாசகர், பரந்தன்*

அண்ணை, உங்கட கடிதத்துக்காகத்தான் இந்தப் பக்கமே எழுதுறன்.

சின்னனில மா அரைக்க மில்லுக்குப் போனால், பெல்ட் அடிக்கிற சத்தத்துக்கு நடுவில நிக்கிற மனிசனின்ர கண்மயிர் வெள்ளையாய் இருக்கும். அவர் கதைக்க மாட்டார், வாயைத் திறந்தால் மா. படத்தில அந்த டொக்டர் ஓடி ஒளிக்கிறது அப்பிடி ஒரு மாவாலைக்குள்ள. கிழட்டு வேலைக்காரன் மெசினைத் தட்டி விடுறான். பற்சில்லு சுத்துது, மேலயிருந்து மா கொட்டுது, முழங்கால், இடுப்பு, நெஞ்சு. ஒரு துளி இரத்தமில்லை. ஆனாலும் ஜெர்மன் தணிக்கைக்காரர் அந்த இடத்திலயும் கத்தரிக்கோலை வைச்சவை. அந்த டொக்டராய் வந்தவரும் நடிகரில்லை. யான் ஹியெரோனிம்கோ எண்ட போலந்துப் பத்திரிகையாளர், பாரிசில இரவு ரயிலில முகத்தைப் பாத்துப் பிடிச்ச ஆள்.

ஏன் மற்றவை சிரிச்சவை எண்டு நான் கனக்க யோசிச்சன். தொண்ணூறுகளில கரண்ட் இல்லாத காலத்தில, ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்ச மண்ணெண்ணெயும் திரியும் வைச்சு எரிச்ச வெளிச்சத்தில வளந்த சனம் நாங்கள். எங்களுக்குப் பயம் எண்டால் அந்த வெளிச்ச வட்டத்துக்கு வெளியில நிக்கிற கறுப்பு. நான் சைக்கிள் கரியரில வீடியோ டெக்கைக் கட்டிக்கொண்டு போய் விடியவிடியப் போட்ட பேய்ப்படங்களும் அப்பிடித்தான், இருட்டுக்குள்ளயிருந்துதான் பேய் வரும். ட்றையரின்ர படத்தில பயம் வெள்ளை. புகார் வெள்ளை, துணி வெள்ளை, மா வெள்ளை. எங்க பாத்துப் பயப்பிடுறது எண்டு சனத்துக்குத் தெரியேல்லை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

சவப்பெட்டிக்குள்ள கிடக்கிறவன் கண்ணாடியால வானத்தைப் பாக்கிற இடத்தில நான் எழும்பிப் போயிட்டன். எங்கட சனத்துக்கு இதை ஏன் காட்டினீங்கள்? நீங்களும் அந்த நேரம் வாசிக்கேல்லை. மைக் பழுதோ?
*- ஒரு தாய், புதுக்குடியிருப்பு*

தங்கச்சி, மைக் பழுதில்லை.

கிரே தன்ர செத்தவீட்டைத் தானே பாக்கிறான். பெட்டி மூடியில ஒரு சின்னக் கண்ணாடி. அதுக்கு மேல மெழுகுதிரி எரியுது, கிழவி குனிஞ்சு உள்ளுக்கை பாக்கிறாள். பேந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகினம். கமரா உள்ளுக்கை கிடக்கு, மரக்கொப்பும் வானமும் மேலால நகருது. வீட்டில லப்டொப்பில இரண்டு தரம் பாத்தன். கமராவை எப்பிடி வைச்சாங்கள் எண்டுதான் யோசிச்சன், வேறொண்டும் தோன்றேல்லை. அண்டைக்கு அது சுவரளவுக்குப் பெரிசாய் வந்தபோதுதான் பங்கர் ஞாபகம் வந்தது. 2009இல மல்லாக்கக் கிடந்து, மேல போட்ட பனங்குத்திக்கு இடையால ஒரு துண்டு வானத்தைப் பாத்துக்கொண்டிருந்தது. எழுத்து ஓடினது, எனக்கு வாய் வரேல்லை.

முன்னமே சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை, பிழை என்னில. நீங்கள் இருட்டில செருப்பைத் தேடிக்கொண்டு நிண்டதையும் கண்டனான். இனிமேல் படம் தொடங்க முன்னம் என்ன வருமெண்டு சொல்லுவன். கதவடியில ஒரு லைட்டும் எரியும்.

அடுத்த மாதம் என்ன படம்?
*- பலர்*

அடுத்த மாதம் வயல் வெட்டு. வேட்டியும் எனக்கு வேணும்.