முடக்குவாதமும் மகப்பேறும்: 3 லட்சத்தைப் பூட்டி வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. கோவையில் தனியார் வேலை, சம்பளம் 38,000 ரூபாய். முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் மூட்டு அழற்சி நோய்) 4 ஆண்டுகளாக மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை. அலுவலகக் குழுக் காப்பீட்டில் பிரசவத்துக்கு 50,000 வரை கிடைக்கும். சேமிப்பு 3 லட்சம். பாதியை 5 ஆண்டு வரிசேமிப்பு வைப்பில் போடலாம் என்கிறார் கணவர். சரியா?

பதில்: வேண்டாம். அந்த வைப்பை 5 ஆண்டுகளுக்குள் உடைக்க முடியாது. புதிய வரிமுறையில் இருந்தால் இந்த வைப்புக்கு வருமான வரிச் சலுகையும் இல்லை.

முதல் செலவு கருத்தரிக்கும் முன்பே வரும். மெத்தோட்ரெக்சேட்டைக் கருத்தரிப்பதற்கு 1 முதல் 3 மாதம் முன்பே நிறுத்தியாக வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; மூட்டுநோய் மருத்துவர் ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்ற மாத்திரைகளுக்கு மாற்றி, நோய் அடங்குகிறதா என்று பார்ப்பார். அதற்கே 2, 3 மாதம் பிடிக்கும். மூட்டு அழற்சியை அடக்கும் உயிரியல் ஊசி (பயாலஜிக்) தேவைப்பட்டால், வெளிநோயாளியாகப் போட்டுக்கொள்வதற்குச் சாதாரண பாலிசி பெரும்பாலும் பணம் தராது.

கர்ப்பகாலத்தில் பலருக்கு வலி தணியும். அதை நம்பிக் கையிருப்பைக் கரைத்துவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் 3 மாதங்களில் பலருக்கு நோய் மீண்டும் கிளம்பும். காலையில் மணிக்கட்டு விறைத்திருக்கும்போது பிள்ளையைத் தூக்க ஆள் வேண்டும். உத்தேசக் கணக்கு இது: மருத்துவமனைக்கு 1,20,000 ஆனால் கைக்காசு 70,000; உதவியாளருக்கு 6 மாதம், மாதம் 10,000 வீதம் 60,000; மருந்து, பரிசோதனைக்கு 48,000; சம்பளத்துடன் கூடிய விடுப்பு முடிந்தபின் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் 2 மாதத்துக்கு 76,000. ஆக 2,54,000. மிஞ்சுவது 46,000தான்.

ஆகவே 50,000 வீதம் 6 தனித்தனி வைப்புகளாகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்றவற்றின் வட்டி குறையாது.

சம்பளத்துடன் 26 வார விடுப்பு உண்டு. அதற்குப் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாளாவது அதே நிறுவனத்தில் வேலை செய்திருக்க வேண்டும். முன்கூட்டியே 8 வாரம் எடுத்தால் பிறகு 18 வாரமே மிஞ்சும்; உடல் ஒத்துழைத்தால் பிரசவத்துக்குப் பின்னால் அதிகம் ஒதுக்குங்கள். இடையில் வேலை மாறினால் இப்போதைய குழுக் காப்பீடு கைவிட்டுப் போகும்; புதிய நிறுவனத்தில் அந்த 80 நாள் ஆகாவிட்டால் இந்த விடுப்பு உரிமையும் போகும்.

தனி மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியும் இப்போதே எடுங்கள். மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் (அது முடியும்வரை பணம் கிடைக்காது) இருப்பதால் இந்தப் பிரசவத்துக்கு உதவாமல் போகலாம். ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்; இன்று தொடங்கினால்தான் அது கழியும். விண்ணப்பத்தில் முடக்குவாதத்தை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். குழந்தை பிறந்ததும் குழுக் காப்பீட்டில் பெயர் சேர்க்க எத்தனை நாள் அவகாசம் என்று மனிதவளப் பிரிவில் இப்போதே கேட்டு வையுங்கள்.