மகனிடம் ‘யாரைப் போய்ப் பார்த்தாய்?’ என்று கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

கடைசி வருஷம் இன்ஜினியரிங் படிக்கும் மகன் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகமாட்டேன், ஸ்டார்ட்அப்தான் என்று நிற்கிறான் எனக் கலங்கிப்போய் எழுதியிருந்தீர்கள். அவன் அனுப்பிய ஐந்து ஐடியாக்களையும் படித்தேன். ஐந்தும் செல்போன் செயலிகள், ஐந்தும் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து யோசித்தவை. தொழில் தொடங்க ஆசைப்படுவதில் எனக்குக் கவலையில்லை, இதில்தான் கவலை.

2005 தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போக பஸ் டிக்கெட் கிடைக்காமல் ஏஜென்ட் கடைகளாக ஏறி இறங்கினார் பணீந்திர சாமா. எந்த பஸ்ஸில் எத்தனை சீட் காலி என்பது எந்த ஏஜென்டுக்கும் முழுசாகத் தெரியவில்லை. நண்பர்களோடு சேர்ந்து பஸ் முதலாளிகள், ஏஜென்டுகள், பயணிகள் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பேசினார். பஸ் முதலாளிகளுக்கென்று மென்பொருள் எழுதிக் கொண்டுபோனால், அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். பிறகு டிக்கெட்டைத் தாங்களே விற்க இறங்கினார்கள். ஆன்லைனில் பஸ் டிக்கெட் விற்கும் ரெட்பஸ் 2006-இல் வந்தது இப்படித்தான். முதலில் நினைத்த வடிவம் நிற்கவில்லை, கண்ணால் பார்த்த சிக்கல் நின்றது.

‘இதை ஏற்கெனவே ஒருத்தன் செய்கிறானே’ என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்காக ஒதுக்க வேண்டாம். 2010-இல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதம், வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கியபோது அந்த வகை மென்பொருளை வெளிநாட்டுக் கம்பெனிகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவர் ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனியில் பல வருஷம் இருந்து அந்தத் துறையின் நெளிவு சுளிவு அறிந்தவர்.

உங்கள் மகன் அறிந்த துறை எது? கரூரில் பெட்ஷீட், திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் யூனிட் உங்களுடையது. சனிக்கிழமை கூலி போட பீஸ் கணக்கை நோட்டில் கூட்டுகிறீர்கள். ஜாப் ஒர்க்குக்குப் போன துணியில் எவ்வளவு திரும்பியது, எவ்வளவு ரிஜெக்ட் என்பதில் மாதாமாதம் தகராறு. எக்ஸ்போர்ட்டரிடம் பாக்கி நிற்கிறது. நோட்டும் வாட்ஸ்அப்பும் வைத்து மனிதர்கள் தட்டுத்தடுமாறி ஒப்பேற்றும் இடம் எதுவோ, அங்கே தேட வேண்டும். இது அவன் பட்டியலில் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இப்படிச் செய்யச் சொல்லுங்கள். ஒரு மாதம் கோடிங் வேண்டாம். இருபது யூனிட்காரர்களைப் போய்ப் பார்க்கட்டும். ‘இப்படி ஒன்று செய்தால் வாங்குவீர்களா?’ என்று கேட்கவே கூடாது. பையன் மனம் நோகக் கூடாதென்று எல்லோரும் ‘நல்லா இருக்குப்பா’ என்றுதான் சொல்வார்கள். ‘கடைசியாக எப்போது கணக்கு உதைத்தது, அன்று என்ன செய்தீர்கள், எவ்வளவு கைவிட்டுப் போனது?’ என்று கேட்க வேண்டும். பதிலை அன்றன்றைக்கே அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைக்கட்டும். பயன்படுத்துபவர் சூப்பர்வைசர், பணம் தருபவர் முதலாளி என்றால் இருவரையும் பார்க்க வேண்டும். அதில் ஒருவராவது சிறு தொகை முன்பணமாகக் கொடுத்தால் அது நூறு பாராட்டுக்கு மேல். கடன், மானியம் பேச்செல்லாம் அதற்கப்புறம்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் போகட்டும். ஒரு வேலை கையில் இருந்தால் பதற்றத்தில் கிடைத்த ஐடியாவைப் பிடித்துத் தொங்க மாட்டான். அவனிடம் ‘இது ஓடுமா?’ என்று நீங்கள் கேட்காதீர்கள், வாக்குவாதம்தான் மிஞ்சும். ‘இன்றைக்கு யாரைப் பார்த்தாய், என்ன சொன்னார்?’ என்று கேளுங்கள். முதல் நாலைந்து பேரிடம் நீங்களே கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பத்துப் பேரைப் பார்த்து முடித்ததும் அவனை என்னிடம் அனுப்புங்கள். எழுதிய நோட்டையும் எடுத்து வரட்டும்.