செய்யாத தப்புக்கு "ஆமாங்கய்யா" சொல்ல வேண்டாம்

கேள்வி: எங்களுக்கு வியாசர்பாடி. மகனுக்கு 21 வயது. டூவீலர் மெக்கானிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே போலீஸ் வேலைக்குப் படிக்கிறான். போன வாரம் பக்கத்துத் தெருவில் யாரோ செல்போனைப் பறித்துவிட்டார்கள். விசாரணை என்று இவனைக் கூட்டிப்போய் ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்து, இரண்டு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். சம்பவ நேரத்தில் அவன் கடையில்தான் இருந்தான். மறுபடி வரச் சொல்கிறார்கள். "ஒத்துக்கிட்டா ஃபைனோட முடிஞ்சிடும்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். என்ன செய்வது?
- ஒரு தாய்

பதில்: அன்புச் சகோதரி, தெரிந்தவர் நல்லதை நினைத்தே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னது தவறு. பறிப்பு ஒன்றும் பெட்டி கேஸ் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவில் அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். ஃபைனோடு மட்டும் விட அதில் இடமே இல்லை. மகனின் போலீஸ் கனவும் அதோடு போய்விடும். சந்தேகத்தின் பலனை அளித்து கோர்ட்டே விடுவித்தவரைக்கூட, தமிழ்நாடு காவலர் தேர்வு விதிகள் வழக்கில் தொடர்புடையவர் என்றுதான் பார்க்கின்றன. தானே ஒத்துக்கொண்டவரை எப்படிப் பார்க்கும்?

ஸ்டேஷனில் போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே இருந்த பாதுகாப்பு இது, அதற்குப் பதிலாக வந்த புதுச் சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. அடித்து வாங்கும் ஒப்புதல் ஒரு நிரபராதியை உள்ளே தள்ளிவிடக் கூடாது என்பதற்காக வந்தது. ஆனால் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று "ஆமாங்கய்யா" என்று சொன்னால் அது செல்லும். அந்த ஒரு வார்த்தையைத்தான் உங்கள் மகன் எந்தப் பயத்திலும் சொல்லக் கூடாது.

வெள்ளைத் தாள்கள்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. போலீஸிடம் சொன்னதில் ஒரு பகுதி மட்டும் செல்லும்: பொருள் இருக்கும் இடத்தைச் சொல்லி, அதன்படி பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு. "போனை இந்த இடத்தில் வைத்திருக்கிறேன்" என்று அந்தத் தாளில் பின்னால் எழுதிக்கொள்ள வழியிருக்கிறது. அதனால் எந்தத் தேதியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை உட்கார வைத்தார்கள், எத்தனை தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று எழுதி, போலீஸ் கமிஷனருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீதும் நகலும் பத்திரம். அன்றைய ஸ்டேஷன் கேமரா பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும் என்றும் அதில் கேளுங்கள். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவு குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உத்தரவிட்டிருக்கிறது.

மறுபடி கூப்பிட்டால்? எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். கொடுத்தால் கட்டாயம் போகவேண்டும், ஓடி ஒளிந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். ஆனால் தனியாக அனுப்பாதீர்கள், வக்கீலோடு அனுப்புங்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு வியாசர்பாடிக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது, சகோதரி. ஏரியா பேரைக் கேட்டதும் முகம் மாறுபவர்கள் இருக்கிறார்கள், தெரியும். ஏரியா பேர் எந்தக் கோர்ட்டிலும் சாட்சி ஆகாது.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-க்கு போன் செய்யுங்கள். அல்லது பாரிமுனையில் இறங்கி, உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

இதையெல்லாம்விட அவசரமானது ஒன்று. மெக்கானிக் கடையிலோ எதிரிலோ கேமரா இருந்தால், பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறி எல்லாம் அழிந்துவிடும். அந்த நேரத்தில் வண்டி விட்டுப்போன வாடிக்கையாளர் யார், ஜிபேயில் யார் பணம் போட்டார்கள், மகன் போனில் யாரிடம் பேசினான் என்று எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்து வையுங்கள். முதலாளியிடம் இன்று சாயங்காலமே பேசுங்கள். அந்தப் பதிவுப் பெட்டியை யாரும் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள்.