கால் செத்துவிடுமா?

வணக்கம் ஐயா,

குத்தாலத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் ஏழு வயதில் பரதம் கற்க ஆரம்பித்தாள். அரங்கேற்றம் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது சென்னையில் ஒரு சீரியலில் தங்கை வேடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்குப் போக ஆசை. அவளுடைய வாத்தியாரோ, "சீரியலுக்குப் போனா கால் செத்துடும்மா" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ‘தெய்வம் தந்த வீடு’ ஓடிய காலத்தில் சுதா சந்திரனை நாங்கள் விடாமல் பார்ப்போம். அத்தனை வருடம் பரதம் கற்றது மாமியார் வேடத்தில் கண்ணை உருட்டி முறைக்கத்தானா என்று எனக்கு வருத்தமாக இருக்கும். என் மகளுக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ? பதில் எழுதுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

வாத்தியார் பயந்து சொல்லியிருக்கிறார், பாசத்திலும் சொல்லியிருக்கிறார். ஆனால் ‘கால் செத்துடும்’ என்ற பேச்சையும் சுதா சந்திரன் பெயரையும் ஒரே கடிதத்தில் படித்ததும் எனக்கு மனசு என்னவோ செய்தது.

மும்பையில் வளர்ந்து, சின்ன வயதிலேயே பரதம் கற்றவர் சுதா சந்திரன். 1981 மே மாதம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பேருந்து விபத்தில் காலில் அடிபட்டது. அப்போது பதினாறு வயதுகூட நிறையவில்லை. புண் அழுகி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஜெய்ப்பூரில் மருத்துவர் பி.கே. சேத்தியிடம் போனார். சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியதுதான் ஜெய்ப்பூர் கால். வெறுங்காலோடு நடக்கிற, வயல் சேற்றில் இறங்குகிற, தரையில் சம்மணம் போடுகிற நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்துச் செய்த கால் அது. நடவு வயலில் இறங்கக்கூடிய கால், பரதத்தில் முழங்காலை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்கார்ந்தபடி நிற்கும் அரைமண்டிக்கும் வளைந்து கொடுக்கும் என்று அந்தப் பெண் நம்பியிருக்க வேண்டும். 1984இல் மும்பையில் மறுபடி மேடை ஏறினார். அடுத்த வருடம் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய ‘மயூரி’ என்ற தெலுங்குப் படத்தில், தன் கதையில் தானே நடித்தார். தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது அதற்குக் கிடைத்தது. தொலைக்காட்சியில் அவரை இந்தியா முழுக்கத் தெரியவைத்தது 2001இல் தொடங்கிய ஓர் இந்தி சீரியலில் வந்த ரமோலா சிகந்த் என்ற வேடம். நீங்கள் பார்த்த மாமியார் அதற்கெல்லாம் பிறகு வந்தவள்.

சரி, கண்ணை உருட்டுவதற்கு வருகிறேன். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். பந்தநல்லூர்ப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு நட்டுவனார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். ஒருநாள் மத்தியானம் தாளம் போடுகிற தட்டுக்கழிச் சத்தம் நின்றுபோயிருந்தது. உள்ளே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, பதம் என்கிற மெதுவான பாட்டுக்கு முகபாவத்தால் அபிநயம் பிடித்துக்கொண்டிருந்தாள். ‘அவன் ஏன் வரவில்லை?’ என்ற ஒரே வரி. பெரியவர் அதையே திரும்பத் திரும்பப் பாடினார். முதலில் அழுதாள். அப்புறம் கோபித்தாள். அப்புறம் அவனுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று கலங்கினாள். "வாயை இழுக்காதே, புருவம் போதும்" என்றார் அவர். கடைசித் தடவை அவள் இடது புருவம் மட்டும் துளி அசைந்தது. திண்ணையில் இருந்த எனக்குத் தொண்டையை அடைத்தது.

சீரியலில் யாராவது ஒரு வெடிப் பேச்சைப் பேசியதும் கேமரா கூடத்தில் நிற்கிற ஒவ்வொரு முகத்துக்கும் போகும். வசனம் கிடையாது. சிலர் கண்ணை அகல விரித்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். சுதா சந்திரன் அந்த இடத்தில் என்ன செய்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். கழுத்து அப்படியே நிற்கும். முதலில் விழி போகும், பிறகு புருவம், அதற்கப்புறம்தான் தலை திரும்பும். ஒரு வரிக்குப் பத்து விதம் பிடித்துப் பழகிய முகத்தால்தான் அது முடியும். அவர் கற்றது எதுவும் வீணாகவில்லை அம்மா.

சம்பளத்துக்கு நடிக்கப் போவதை ‘கதி’ என்று சொல்லாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடிய பெண்களை, பெயர் பெயராக எழுதிவைத்திருக்கிறான். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, வருடத்துக்கு 100 கலம் நெல். நம் மண்ணில் ஆட்டம் என்பது ஆயிரம் வருடமாகக் கூலி உள்ள வேலை.

ஆனால் வாத்தியார் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. சீரியல் கேமராவுக்குப் பெரும்பாலும் மார்புக்கு மேலே போதும். அரைமண்டியை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காததைத் தொடை சீக்கிரம் மறந்துவிடும். சுதா சந்திரன் அப்படி விட்டுவிடவில்லை, நடிக்க வந்த பிறகும் மேடையில் ஆடினார். உங்கள் மகளும் படப்பிடிப்புக்குக் கிளம்புமுன் தினம் அரை மணி நேரம், அரைமண்டியில் நின்று பாதத்தைத் தட்டுகிற தட்டடவை மூன்று வேகத்திலும் போட்டாக வேண்டும். சென்னையில் தரைத்தளத்து வீடாகப் பாருங்கள். மாடி என்றால் கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டே நாளில் கதவைத் தட்டுவார்கள், அத்தோடு பயிற்சி நின்றுவிடும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே, கோயில்களில் நாட்டியாஞ்சலி என்ற நடன விழா நடக்கிற சிவராத்திரி வாரத்துக்கு விடுப்பு வேண்டுமென்று கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

போவதற்கு முன் அவளைக் கூட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். அந்த விடுப்பைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். மயிலாடுதுறை மயூரநாதர் கோயில் நாட்டியாஞ்சலியில் அவள் ஆடுவதாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், வந்து முன்வரிசையில் உட்காருகிறேன்.