வெல்டிங்கை ஒட்டியே திரும்பத் திரும்ப விரிசல் விடுவது ஏன்?

திருமங்கலம் பக்கம் ஓடும் உங்கள் டிராக்டர் டிரெய்லரின் இழுவைக் கொக்கியை எத்தனை முறை பற்றவைத்தாலும் வெல்டிங்கை ஒட்டியே விரிசல் விடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒட்டு அப்படியே இருக்க ஓரம் மட்டும் பிளந்தால், முதலில் அண்டர்கட், அதாவது ஒட்டின் ஓரத்தில் அரித்த பள்ளம், இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்பியர் கூடினாலோ வெல்டிங் ராடை வேகமாக இழுத்தாலோ அந்தப் பள்ளம் விழும். பாரம் இழுக்கும்போதெல்லாம் விசை அங்கேதான் குவியும். விரிசல் அங்கிருந்து மெல்ல வளரும்.

எனக்கு அதைவிட இரும்பின் மேல்தான் சந்தேகம். பழைய பட்டை ஸ்பிரிங்கை வெட்டி வைத்திருந்தால் அதில் கார்பன் அதிகம். சூடேறிய இடம் சட்டென்று குளிர்ந்தால் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை பெறும். ஈர ராடிலிருந்து ஹைட்ரஜனும் சேர்ந்தால், ஒரு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். ஐப்பசி மழையில் திறந்து கிடந்த 7018 என்ற குறைந்த ஹைட்ரஜன் ரக ராடைச் சுமார் 300 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரமாவது சுட்டெடுக்க வேண்டும். மதுரையின் சித்திரை வெயிலே ஆனாலும் அதற்குப் போதாது.

துரு, பெயிண்ட், கிரீஸ் இருந்தால் உள்ளே துளைகள் விழும், அது தனிக்கதை.

விரிசலின் மேலேயே மறுபடி ராடை ஓட்டினால் பயனில்லை. கிரைண்டரால் அடிவரை தோண்டியெடுத்து, முன்சூடு கொடுத்துப் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து ஆறவிடச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்ற மட்டும் விடாதீர்கள்.